அந்த இரண்டு வரிகள் ஏன் தனியாக நிற்கின்றன?

போர் எதிர்ப்புக் கவிதை ஒன்று பாடத்தில் இருந்தால், ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும் முன்பே அதன் கருப்பொருள் மாணவர்களுக்குத் தெரிந்துவிடும். போர் கெட்டது. அதற்கு மேல் இந்த அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் முப்பது சொச்சம் ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். வில்ஃப்ரெட் ஓவனின் 'டல்சி எட் டெக்கோரம் எஸ்ட்' கவிதையை நடத்தாமல் கழிந்த ஆண்டு அரிது. பாடத்திட்டம் மாறும், தாளின் பெயர் மாறும், இந்த 28 வரி மட்டும் வேறொரு அலகில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வித்தாள் அதைவிடப் பிடிவாதம். ஓர் ஆண்டு 'கருப்பொருளை விளக்குக' என்று வரும், மறு ஆண்டு 'வடிவத்தையும் உத்திகளையும் ஆராய்க' என்று வரும். எனவே பிள்ளைகளும் இரண்டு விடை தயார் செய்வார்கள். ஒன்றில் போரின் கொடுமை நான்கு பக்கம் ஓடும். மற்றது மளிகைச் சிட்டை: உவமை இத்தனை, உருவகம் இத்தனை, மோனை இன்ன வரியில். ஒரு கவிதை எதைச் சொல்கிறது என்பதையும் எப்படிச் சொல்கிறது என்பதையும் இப்படிப் பங்கு பிரித்துவிட்டால், இரண்டு பங்கிலும் கவிதை இருக்காது. என் வேலையில் பெரும்பாதி இந்தப் பங்கீட்டோடு மல்லுக்கட்டியதுதான்.

நம் பாடம் வெளியூர்களில் எப்படி நடக்கிறது என்பது விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் தெரியும். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டைப் பிரித்தால் அதே வாக்கியம் நிற்கும். கல்லூரி வேறு, கையெழுத்து வேறு, வாக்கியம் ஒன்று. 90களில் எங்கள் பக்கம் பரவியிருந்த ஒரு கைடில், ஓவன் விஷவாயுத் தாக்குதலில் இறந்தார் என்று அச்சாகியிருந்தது. கட்டுக் கட்டாக ஓவன் வாயுவில் செத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் சுடப்பட்டு இறந்தார். 1918 நவம்பர் 4, வட பிரான்சில் ஓர்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கால்வாயைக் கடக்கும் முயற்சியில். வயது 25. சரியாக ஒரு வாரத்தில் முதல் உலகப் போர் நின்றது. நவம்பர் 11 அன்று ஷ்ரூஸ்பரியில் வெற்றி மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெற்றோருக்குத் தந்தி வந்தது.

இதற்கு மதிப்பெண் குறைக்கலாமா என்று முகாமில் சின்ன விவாதம். "கீயில இல்லாததுக்குக் குறைக்க வேண்டாம்மா" என்றார் தலைமைத் தேர்வாளர். குறைக்கவில்லை. ஆனால் அதைத் தகவல் பிழை என்று மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கவிஞரே வாயுவில் செத்தார் என்று நம்புகிறவர், கவிதைக்குள் 'நான்' எங்கே நிற்கிறது என்று தேடவே மாட்டார். செத்தவன் ஒருவன், பார்த்துக்கொண்டிருந்தவன் வேறொருவன். கவிதை முழுக்கப் பார்த்தவனுடையது.

கதை சின்னது. களைத்துப்போன சிப்பாய்கள் முன்னணியிலிருந்து ஓய்வு முகாமை நோக்கிச் சேற்றில் நடக்கிறார்கள். கூன் விழுந்த பிச்சைக்காரர்களைப் போல இருக்கிறார்கள். பலர் பூட்ஸைத் தொலைத்துவிட்டார்கள். வாயு வருகிறது. முகமூடியை மாட்டத் தடுமாறுகிறார்கள், ஒருவன் மட்டும் பிந்திவிடுகிறான். முகமூடியின் கண்ணாடி வழியே, பச்சைக் கடலுக்கடியில் பார்ப்பதுபோல, அவன் மூழ்குவதைக் கவிதைசொல்லி பார்க்கிறான். பிறகு அவன் ஒவ்வொரு கனவிலும் வருகிறான். அவனை வண்டியில் தூக்கிப் போட்டுப் பின்னால் நடந்ததை நீயும் பார்த்திருந்தால், புகழுக்கு ஏங்கும் குழந்தைகளிடம் அந்தப் பழைய பொய்யைச் சொல்லமாட்டாய் என்று வாசகனிடம் திரும்பி முடிக்கிறார். அந்தப் பொய் ரோமானியக் கவிஞர் ஹோரஸின் லத்தீன் வரி. நாட்டுக்காகச் சாவது இனியது, தகுதியானது என்பது அதன் பொருள். ஹோரஸைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. கி.மு. 42-இல் பிலிப்பி போரில் புரூட்டஸ் பக்கம் நின்றவர் அவர். கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியதை வேறொரு பாட்டில் அவரே சொல்லியிருக்கிறார்.

கைடுகளோடு போராடிச் சலித்த ஒரு பருவத்தில்தான் சைக்ளோஸ்டைல் யோசனை வந்தது. 28 வரியையும் இடைவெளி இல்லாமல் ஒரே கட்டாக ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். "புத்தகத்தை மூடுங்க. எங்கெங்க பத்தி பிரிக்கணுமோ அங்க பென்சில்ல கோடு போடுங்க." எட்டாம் வரிக்குப் பின் எல்லோரும் கோடு போட்டார்கள். அடுத்த வரியில் வாயு வருகிறதே. 16-ஆம் வரிக்குப் பின்னும் பெரும்பாலோர் போட்டார்கள், ஏனென்றால் அங்கிருந்து 'நீ' தொடங்குகிறது. 14-க்கும் 15-க்கும் நடுவில் போட்டவர்கள் மிகச் சிலர்.

பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். ஓவனின் பிரிப்பு 8, 6, 2, 12. பெரும்பாலோர் பிரிக்காத இடத்தில் அவர் பிரித்திருக்கிறார். இரண்டே வரி, மேலேயும் கீழேயும் வெற்றிடம்.

அங்கிருந்து வகுப்பு தானாக ஓடியது. வரிக்கடைசிச் சொற்களைப் பார்க்கச் சொன்னேன். நம் யாப்பில் இயைபு என்பது அது. திரைப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகள் இயைந்து வருகின்றன. ஆறு வரிப் பத்தியின் கடைசி இரண்டு வரிகளுக்கு மட்டும் அந்தப் பத்திக்குள் ஜோடி கிடையாது. ஜோடி அடுத்த பத்தியில், அந்தத் தனி இரண்டு வரியில் இருக்கிறது. அதாவது இயைபின் கணக்குப்படி அந்த இரண்டும் மேலே உள்ள ஆறோடு சேர்ந்தவை, பக்கத்தில் பார்த்தால் வெட்டி எடுக்கப்பட்டவை. போதாக்குறைக்கு, மூழ்குவதைக் குறிக்கும் சொல்லுக்கு இயைபாக வேறு சொல் வரவில்லை, அதே சொல்தான் மறுபடி வருகிறது. ஓவன் தேர்ந்த கைவினைஞர், இயைபுச் சொல் கிடைக்காமல் திண்டாடுகிறவர் அல்ல.

காலத்தையும் பார்க்கச் சொன்னேன். அதுவரை எல்லாம் இறந்தகாலம். இந்த இரண்டு வரியில் நிகழ்காலம். நடை முடிந்துவிட்டது, வாயுவும் முடிந்துவிட்டது, கனவில் அவன் பாய்ந்து வருவது மட்டும் முடியவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண், அதிகம் வாய் திறக்காதவள், "அவனுக்கு ஒண்ணும் பண்ண முடியல மேடம். அதான் அந்த ரெண்டு வரிக்கும் பக்கத்துல யாரும் இல்ல" என்றாள். கருப்பொருள், வடிவம் இரண்டு கேள்விக்கும் அது விடை. எந்தக் கைடிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

எட்டும் ஆறும் பதினான்கு, இரண்டும் பன்னிரண்டும் பதினான்கு. பதினான்கு வரிச் சானட்டுகள் இரண்டை அடுத்தடுத்து வைத்து உடைத்ததுபோல இதைப் படிக்கலாம். முதல் பதினான்கில் நடந்தது, இரண்டாவதில் அதன் பின்விளைவு. இதை நான் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் 'சானட்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள்.

வேதியியல் துறை நண்பர் ஒருவரை ஓர் ஆண்டு வகுப்புக்கு அழைத்து வந்தேன். என் துறையில் சிலருக்கு அது வேடிக்கை. அவர் கரும்பலகையில் ஒன்றுமே எழுதவில்லை. குளோரின் பச்சை கலந்த மஞ்சள் நிறம், காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கும், பதுங்குகுழிக்கு அதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது என்றார். 1915 ஏப்ரல் 22-இல் ஈப்பர் பக்கம் ஜெர்மானியர்கள் அதை உருளைகளிலிருந்து திறந்துவிட்டதையும், பிறகு பாஸ்ஜீன் வந்ததையும், 1917-இல் மஸ்டர்ட் வந்ததையும் சொன்னார். "நுரையீரல்ல ஈரத்தோட சேர்ந்தா அமிலம். திசு அழிஞ்சு தண்ணி கோத்துக்கும். ஆள் தரையில நின்னுக்கிட்டே மூழ்குவான்." வகுப்பு ஒரு கணம் அசையவில்லை. கடல் உவமை என்று அடிக்கோடிட்டு வைத்திருந்த இடம் அவர்களுக்கு அன்று வேறாகப் பட்டது. மூழ்குவது என்பது அழகுக்குச் சேர்த்தது அல்ல, கிட்டத்தட்ட மருத்துவக் குறிப்பு. அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் 'அழகிய உவமை' என்று எழுதவில்லை.

கனவு பற்றிச் சொல்ல எடின்பரோவுக்குப் போகவேண்டும். 1917-இன் தொடக்கத்தில் பிரான்சில் முன்னணிக்குப் போன ஓவன், குண்டு அதிர்ச்சியால் நிலைகுலைந்து, ஜூனில் கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். போரைத் தொடர்வதைக் கண்டித்து அறிக்கை விட்ட சிக்ஃப்ரீட் சசூனையும் ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் அங்கேதான் அனுப்பினார்கள். இரவானால் அதிகாரிகள் கனவில் அலறும் கட்டடம் அது. இந்தக் கவிதையின் முதல் வரைவு அக்டோபரில் அங்கே எழுதப்பட்டது. சசூனுக்கு மருத்துவம் பார்த்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, 1906-இல் அவர்களைப் பற்றித் தடிமனான புத்தகம் வெளியிட்டாரே, அதே ரிவர்ஸ்தான். ஊட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இதைச் சொல்லுவேன். தேர்வுக்கு உதவாது, ஆனால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சில ஆண்டுகள் வேலூர் மாவட்டத்தில் வேலை. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் அங்கே உண்டு, கம்மவான்பேட்டை அதற்குப் பெயர்போனது. அங்கே 'போர் கெட்டது' என்று தொடங்கினால் முன்வரிசையிலேயே முகம் சுருங்கும். அப்பா படையில், அண்ணன் படையில், தாத்தாவின் பதக்கம் வீட்டுச் சுவரில். ஒரு மாணவன் எழுந்து நேராகவே கேட்டான்: "ராணுவத்தை மட்டம் தட்டுற கவிதையா மேடம் இது?"

நல்ல கேள்வி. எழுதியவர் மான்செஸ்டர் படைப்பிரிவின் அதிகாரி என்றேன். குணமான பிறகு உள்நாட்டிலேயே காலம் தள்ளியிருக்கலாம், 1918-இல் முன்னணிக்குத் திரும்பிப் போனார், அக்டோபரில் காட்டிய வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பெற்றார் என்றேன். அவன் தலையாட்டினான், ஆனால் சமாதானம் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, ஓய்வுபெற்ற ஹவில்தாரான தன் தந்தைக்குக் கவிதையைத் தமிழில் சொல்லிக் காட்டியதாகச் சொன்னான். "அப்பா பாதியிலேயே நிறுத்திட்டாரு மேடம். பூட்ஸ் போனதை எழுதியிருக்கானா, அப்ப ஆளு நடந்தவன்தான், மேல சொல்லுன்னாரு."

அதன் பிறகு எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் எட்டு வரியில் கால்களைத் தேடச் சொல்வது என் வழக்கமாகிவிட்டது. முழங்கால், நொண்டல், பூட்ஸ், ரத்தத்தையே காலணியாகப் போட்டுக்கொண்டது. அந்த வரிகளின் சந்தமும் நொண்டுகிறது. ஆங்கிலத்தில் பத்து அசையில் லேசு, கனம் என்று மாறி மாறி நடக்கவேண்டிய அடி, இங்கே கனமான அசைகள் அடுத்தடுத்து விழுந்தும் நடுவில் நிறுத்தற்குறி குறுக்கிட்டும் தடுக்கி நிற்கிறது. மேசையில் தட்டிப் பார்க்கச் சொன்னால் தாளம் தப்பும். ஒன்பதாம் வரியில் எச்சரிக்கைக் குரல் வந்ததும் நாலு தட்டும் கனமாகவே விழும், ஒதுங்க இடமே இருக்காது.

அந்த ஹவில்தார் பிடித்த நுனி முக்கியமானது. கவிதையின் கோபம் சிப்பாய் மேல் அல்ல. போகாதவர்கள், போகிறவர்களிடம் சொல்கிற வார்த்தையின் மேல். ஒரு வரைவில் ஓவன் இதை ஜெஸ்ஸி போப்புக்கு என்று எழுதியிருந்தார். விளையாட்டுக்குக் கூப்பிடுவதுபோல இளைஞர்களைப் போருக்குக் கூப்பிட்டுப் பத்திரிகைகளில் பாட்டெழுதியவர் அந்த அம்மையார். பிறகு அது 'ஒரு பெண் கவிஞருக்கு' என்று மங்கி, கடைசியில் இல்லாமலே போனது. இந்தச் சங்கதி கிடைத்துவிட்டால் மாணவர்கள் முழுக் கவிதையையும் இரண்டு பேர் சண்டையாக்கிவிடுவார்கள். பெயரை அடித்ததுதான் ஓவன் செய்த நல்ல காரியம் என்பது என் கட்சி. பெயர் இருந்தவரை 'நண்பா' என்ற விளி அந்த அம்மையாரோடு நின்றிருக்கும். பெயர் போனபின் அது யார் மேலும் விழலாம், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் மேலும்.

தமிழ்த்துறை ஐயாவுக்கும் எனக்கும் ஆசிரியர் அறையில் இது பற்றி ஓயாத வழக்கு. புறநானூறு 279-ஐக் கொண்டுவந்து வைப்பார். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. தகப்பனையும் கணவனையும் களத்தில் இழந்தவள், பறை கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வெள்ளாடை உடுத்தி, வேல் கொடுத்து அனுப்புகிறாள். "வீரத்தாயைப் புகழுற பாட்டுதான், சந்தேகமில்ல. ஆனா பாக்கிறவங்க குரல் ஒண்ணு அதுல பதறுது பாத்தீங்களா" என்பார். பதறுகிறதுதான். ஆனால் அந்தக் குரல் நம்மிடம் பேசவில்லை, அவளைப் பார்த்துத் தனக்குள் பேசுகிறது. ஓவன் நம் சட்டையைப் பிடிக்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'போர் எதிர்ப்பு' என்று சீட்டு ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸுக்கு அந்தச் சட்டையைப் பிடிக்கிற வேலையே ஒவ்வவில்லை. 1936-இல் தாம் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு நவீனக் கவிதைத் தொகுப்பில் ஓவனைச் சேர்க்கவில்லை. செயலற்று நின்று படுகிற துன்பம் கவிதைக்குப் பொருளாகாது என்பது அவர் வாதம். முதுகலை வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் யேட்ஸ் மேல் பாய்வார்கள். நான் கொஞ்சம் யேட்ஸ் பக்கம் நின்று வாதாடுவேன். எதிராளி இல்லாவிட்டால் ஓவனுக்காக வாதாட யாருக்கும் கற்கத் தோன்றாது.

செமஸ்டர் முறை வந்தபின் நேரம் சுருங்கியது. ஐந்து அலகு, அலகுக்கு இத்தனை பாடம், நடுவில் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள். ஒரு மதிப்பெண் கேள்விகள் பெருகின. அதைத் தொடர்ந்து கைப்பேசி. கைடின் பிழையாவது வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்தது. இப்போது வருகிற பகுப்பாய்வு வழவழப்பாக, பிழையில்லாமல், எல்லோருக்கும் ஒன்றுபோல வருகிறது. அதைப் பிடிக்க எனக்கு எட்டாம் வரி கைகொடுத்தது. ஓவன் உயிரோடிருந்தபோது அச்சேறிய அவர் கவிதைகள் மிகக் குறைவு. இது இறந்தபின் 1920-இல் வந்த தொகுப்பில்தான் வெளிவந்தது. கையெழுத்துப் படிகள் ஒன்றுக்கு மேல் இருப்பதால் எட்டாம் வரி பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒன்றில் 5.9 அங்குல பீரங்கிக் குண்டுகள் களைத்துப்போய்ப் பின்னால் விழும். இன்னொன்றில் வாயுக் குண்டுகள் மெல்ல விழும். எங்கள் பாடநூலில் இருந்தது இரண்டாவது. கட்டுரையில் ஒரு பிள்ளை 'களைத்த குண்டுகள்' பற்றி ஒரு பத்தி வியந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

நான் திட்டுவதில்லை. "எது நல்லா இருக்கு, சொல்லு" என்று இரண்டையும் பக்கத்தில் வைப்பேன். வாயுக் குண்டு என்று எட்டிலேயே சொல்லிவிட்டால், விழுந்தது காதில் ஏறாத அளவுக்குச் செவி மரத்துப்போனவர்களை நாம் முன்கூட்டிப் பார்க்கிறோம். பீரங்கிக் குண்டு என்றால் அவர்களோடு சேர்ந்து நாமும் ஒன்பதில் அதிர்கிறோம். எனக்குப் பீரங்கிக் குண்டுதான் பிடிக்கும், பாடநூல் என்ன சொன்னாலும்.

கடைசிப் பன்னிரண்டு வரி ஒரே வாக்கியம். 'பார்த்திருந்தால்', 'கேட்டிருந்தால்' என்று நிபந்தனை மேல் நிபந்தனையாக ஏறி, 'சொல்லமாட்டாய்' என்பது 25-ஆம் வரியில்தான் வருகிறது. வினைமுற்றுக்காகக் கடைசிவரை காத்திருப்பது தமிழில் பேசுகிறவர்களுக்குப் பழக்கம்தான் என்பதால், எங்கள் பிள்ளைகள் இதில் திணறுவதில்லை. திணறுவது ஆகக் கடைசி வரியில். மற்றவை பத்து அசைக்கு நடக்க, அது பாதியில் நிற்கிறது, அதுவும் லத்தீனில். இயைபைப் பார்த்தால் ஆங்கிலத்தில் புகழைக் குறிக்கும் 'குளோரி'க்கு ஜோடியாக, லத்தீனில் சாவைக் குறிக்கும் 'மோரி' வந்து உட்கார்ந்திருக்கிறது. வாதம் முழுவதும் அந்த ஜோடியில் இருக்கிறது, அதன் மேல் விளக்கவுரை எழுதுவது வீண்.

அடுத்த பாடம் பெரும்பாலும் அவருடைய 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்'. அதில் இயைபே வேறு மாதிரி. மெய்யெழுத்தெல்லாம் ஒன்றாக இருக்கும், நடு உயிர் மட்டும் மாறும். ஆங்கில உதாரணம் கொடுத்தால் பிள்ளைகள் காதில் ஏறாது. கரும்பலகையில் 'கல், கால்' என்று எழுதி, கீழே 'வில், வேல்' என்று எழுதினேன். ஒரு பையன் உடனே "பகை, புகை மேடம்" என்றான். விஷவாயுக் கவிதை முடித்த கையோடு வந்த ஜோடி, எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது சுத்தமான எதுகைம்மா. முதல் எழுத்து ரெண்டும் குறில், ரெண்டாம் எழுத்து ஒண்ணு. நிறைவா ஒலிக்குது. உங்க வில்லும் வேலும் அப்படியில்ல. மோனை இருக்கு, ரெண்டாம் எழுத்தும் ஒண்ணு, ஆனா குறிலுக்கு எதிர்ல நெடில். எதுகையாகப் போய் ஆகாம நிக்குது."

மறுநாள் அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஓவனுக்கு அந்த ஆகாம நிக்கிறதுதான மேடம் வேணும்? ரெண்டு பேரும் செத்தப்புறம் பேசிக்கிற கவிதை" என்றான். புகையை அழித்துவிட்டு வில், வேல் ஜோடியோடு பாடத்தைத் தொடங்கினோம்.